நாற்பத்தொரு விநாடி குனிந்தவர்

மினாகவாவுக்கு அன்று இடுப்பு பிடித்துக்கொண்டதாம், அவ்வளவுதானாம். மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது என்றார் அரிசிக்கடைக்காரர். கமிஷியோ பொதுக் குளியல்கூடத்தில், கழுத்தளவு வெந்நீரில், தலைமேல் மடித்து வைத்த சிறு துண்டோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் சொல்வதை லேசில் மறுத்துவிட முடியாது. உடம்பில் துணியில்லாதவர் எதை மறைக்கப் போகிறார்?

"என் மச்சானுக்கு அந்த டீமோட மசாஜ்காரரத் தெரியும்யா. குனிஞ்ச மனுசனால நிமிர முடியல. ஊரே அதப் பாத்துக் கண்ணத் தொடைக்குது. அவரு வலியில பல்லக் கடிச்சிட்டு நின்னிருக்காரு."

"அப்புறம் எப்படி நிமிர்ந்தாராம்?"

"அதுக்குத்தான்யா நாப்பத்தொரு விநாடி ஆச்சு!"

எங்கள் ஊரில் இது தெய்வக் குற்றம். பக்கத்துத் தொட்டியில் இருந்த இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள். உள்ளூர் நாளிதழில் வாரம் ஒரு பத்தி எழுதிப் பிழைக்கிறவன் நான். ஊர் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற ஒருவருக்கு வெறும் இடுப்புப் பிடிப்பு என்றால் எனக்கு இரண்டு வாரத்துக்குச் சாப்பாடு. விசாரித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

மினாகவா கோஹெய்க்கு ஐம்பத்தோரு வயது. எங்கள் ஊர்க் கால்பந்து அணியான கமோமெயில் பத்து வருடம் தடுப்பாட்டக்காரராக இருந்தார். அந்தப் பத்து வருடத்தில் அடித்த கோல் இரண்டு. அதிலும் ஒன்று, அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது தலையில் பட்டுத் தானாகப் போனது. ஆடிய காலத்தில் அவரை யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. ஓய்வு பெற்றபின் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கற்றுக்கொள்கிறவர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை. அவருக்குப் பொருத்தமான வேலைதான் என்று நினைத்திருந்தோம்.

போன வசந்தத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பழைய வீடியோ டேப் ஒன்றைத் தூசி தட்டி இணையத்தில் ஏற்றினார். பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய நவம்பர் மழை. கமோமெ நாடு தழுவிய லீக்கிலிருந்து வட்டார லீக்குக்கு இறங்கிய ஆட்டம். கடைசி நிமிடத்தில் கோல்கீப்பர் ஹொன்மா கோல் வாயைவிட்டு ஓடி வருகிறார், பந்து அவரைத் தாண்டி உள்ளே போகிறது, ஆட்டம் முடிகிறது. அணி வரிசையாக நின்று ரசிகர்களைப் பார்த்துக் குனிகிறது. பிறகு எல்லோரும் நிமிர்ந்து போய்விடுகிறார்கள். நான்காம் எண் சட்டை மட்டும் மழையில் தனியாக, இடுப்பில் ஒடிந்த மாதிரி, குனிந்தே நிற்கிறது. நாற்பத்தொரு விநாடி. வீடியோவின் தலைப்பு: "தவறு கோல்கீப்பருடையது. தலை குனிந்தது இவர்."

அறுபது லட்சம் பேர் பார்த்தார்கள். எங்கள் ஊரில் இருப்பது முப்பத்தோராயிரம் பேர், கடற்காகங்களைச் சேர்க்காமல். தலைநகரில் தாமதமாக அலுவலகம் போகிறவர்கள் மேலாளருக்கு மினாகவாவின் குனிந்த படத்தை அனுப்பிவிட்டுத்தான் ரயிலே ஏறினார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு, இப்படித்தான் குனிய வேண்டும் என்று கம்பெனிகள் பாடம் எடுத்தன. ஒரு பெண், தன் காதலன் இவரைப் போல மூன்று விநாடி குனிந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன் என்று எழுதினாள். அதற்கு மட்டும் நாற்பதாயிரம் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

டிரைவிங் ஸ்கூல் இயக்குநர் சும்மா இருப்பாரா? மினாகவாவை ஆளுயர அட்டையில் வெட்டி, குனிந்த வாக்கிலேயே வாசலில் நிறுத்திவிட்டார். தினமும் காலை எட்டு மணிக்கு மினாகவா தனக்கே வணக்கம் போட்டுக்கொண்டிருக்கும் தன்னைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரோரமாகப் போவார்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மனிதரால் யாருக்கும் குனிய முடியாமல் போயிற்று. குனிந்தால் எண்ணுகிறார்கள். பக்கத்து வீட்டுச் சாவில், இறந்தவரின் படத்துக்கு முன்னால் குனிந்தபோது பின்னாலிருந்து யாரோ மெல்ல, "...ஏழு, எட்டு, ஒம்பது..." என்று எண்ணுவது கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து அவர் யாரைப் பார்த்தாலும் மோவாயை மட்டும் ஒரு அங்குலம் இறக்குவார். புகழ் வந்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது என்று ஊரில் கொஞ்சம் பேர் பேசிக்கொண்டார்கள். அதில் நானும் ஒருவன்.

என் ஓட்டுநர் உரிமம் முப்பது வருடமாக மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. காருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதையே சாக்காக வைத்து, மறந்ததை நினைவுபடுத்தும் ஐந்து நாள் பாடத்தில் சேர்ந்தேன். பயிற்சியாளர் மினாகவாதான் வேண்டும் என்றேன். இயக்குநர் அகமகிழ்ந்தார்.

காரில் ஒரு வசதி, முகத்தைப் பார்க்காமல் பேசலாம். மூன்றாம் நாள், துறைமுகச் சாலையில், கேட்டேன்.

"மினாகவா சார், அன்னிக்கு உங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு பேசிக்கிறாங்களே?"

"இடதுபக்கக் கண்ணாடியப் பாருங்க."

பார்த்தேன்.

"இடுப்புவலின்னா தேவலையே, நிருபர் சார்," என்றார். "எல்லாரும் நிமிர்றப்ப நானும் பாதி நிமிர்ந்துட்டேன். அப்ப எதிர்ல, மேல் வரிசையில ஒரு பெரியவரு. எனக்கு நேரா குனிஞ்சு நிக்கிறாரு. தோத்தவனுக்கு மழையில ஒருத்தர் குனியறாரே, அவரு நிமிராம நான் எப்படி நிமிர்றது? மறுபடி குனிஞ்சேன். ஓரக்கண்ணால பாக்கறேன், அவரு இன்னும் குனிஞ்சிருக்காரு. சரின்னு நானும் இன்னும் கொஞ்சம் குனிஞ்சேன்."

"யாரு சார் அவரு?"

"குப்பை பொறுக்கிட்டிருந்தாரு."

"என்னது?"

"ஆட்டம் முடிஞ்சா நம்ம ஆளுங்க சீட்டுக்கடியில குப்பை எடுப்பாங்கல்ல? அவரு அதத்தான் பண்ணிட்டிருந்தாரு. வரிசை முடிஞ்சதும் நிமிர்ந்தாரு, கையில நீலப் பை. நான் இருக்கறதையே அவரு பாக்கல."

துறைமுகச் சாலை முழுக்கச் சிரித்தேன். சிவப்பு விளக்கைப் பார்க்கவில்லை. அவர் பக்கத்துப் பிரேக் விழுந்தது, என் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது.

"இத ஏன் சார் மறைக்கணும்? ஊரு கொஞ்சம் சிரிக்கும், அவ்வளவுதானே?"

"இதுக்குச் சிரிக்கட்டும்." விளக்கு பச்சைக்கு மாறியும் அவர் காலை எடுக்கவில்லை. பின்னால் வந்த கார் ஹார்ன் அடிக்காமல் பொறுமையாக நின்றது. "அதுக்கு முன்னாடி நடந்ததுதான். பந்து எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்துச்சு. நான்தான் 'கீப்பர்!'னு கத்தினேன். அப்படிக் கத்தினா, நான் விட்டுட்டேன், உன் பந்துன்னு அர்த்தம். அதக் கேட்டுத்தான் ஹொன்மா அண்ணன் வெளிய வந்தாரு. வந்தவரப் பாத்ததும் எனக்குப் பயம். எட்ட மாட்டாரோன்னு காலை நீட்டிட்டேன். பூட்ஸ் நுனி பட்டுச்சு. இம்புட்டூண்டு. பந்து திரும்பிடுச்சு, அவரு கை வெறுங்காத்தப் பிடிச்சுது. மழையில யாரும் பாக்கல. வீடியோவுலயும் தெரியாது."

"ஹொன்மா சொல்லலையா?"

"சொன்னா சாக்குச் சொன்ன மாதிரி ஆயிடும்ல? அவரு அப்படிப்பட்ட ஆளில்ல. அந்தக் குளிர்காலமே டீம்லேருந்து அனுப்பிட்டாங்க. நான் இன்னும் மூணு வருசம் ஆடினேன்."

வரும் இருபத்து மூன்றாம் தேதி, விடுமுறை நாளில், நகர மண்டபத்தில் மினாகவாவுக்குப் பாராட்டுப் பத்திரம். வாசகம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது: 'பிறர் பிழையைத் தன் பிழையாக ஏற்ற பண்புக்காக'. அதை மேயர் வாசிக்க, இவர் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

"வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். இந்த அடக்கத்துக்குத்தான் சார் பத்திரமேன்னு இயக்குநர் சொல்லிட்டாரு. மேடையில ஏறதுக்கு முன்னாடி ஹொன்மா அண்ணன் முகத்தப் பாக்கணும். பத்தொம்பது வருசமா பாக்கல. அவரு டயர் கடை வெச்சிருக்கற ஊருப் பக்கமே போறதில்ல." கொஞ்சம் யோசித்தார். "நாளைக்கு உங்களுக்கு நெடுஞ்சாலைப் பாடம். பனி விழப்போகுது, இந்த வண்டிக்கும் பனி டயர் மாத்தணும்."

இப்படியாக, பத்தொன்பது வருட மன்னிப்பை, கூரைமேல் டிரைவிங் ஸ்கூல் பலகை வைத்த காரில், மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நான் ஓட்டிக்கொண்டு போனேன். எங்களை லாரிகள், பேருந்துகள், பசுமாடுகளை ஏற்றிய ஒரு வேன் எல்லாம் முந்திப் போயின. மினாகவா மடியில் ஒரு இனிப்புப் பெட்டி. பயறுப் பூரணம் வைத்த மன்ஜூ, பன்னிரண்டு. மன்னிப்புக் கேட்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது. எதிராளி பெட்டியை வாங்கிக்கொண்டால் மன்னித்த மாதிரி. சச்சியே என்ற அவர் மனைவி காலையில் பெட்டியைக் கையில் கொடுக்கும்போது, "வழியில பசிக்குதுன்னு நீங்களே தின்னுடாதீங்க, தைரியம் வந்தாலும் வராட்டியும் பெட்டி வீட்டுக்குத் திரும்பக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

ஹொன்மா அகன்ற ஆள். ஐம்பத்து நான்கு வயதிலும் டயரைத் தூக்கி எறிந்தால் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கிற கை. காரின் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் மினாகவாவைப் பார்த்தார்.

"டேய் மினா. தலையில பலகை வெச்சு வண்டி உசந்து நிக்குது, ஆளு நீ சுருங்கிட்ட."

"அண்ணே..."

"நாலு டயருமா?"

"நாலும்தான் அண்ணே."

ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். கழற்றிய நட்டுகளை ஒரு மூங்கில் சல்லடையில் போட்டார். கோட்டைவிடும் கோல்கீப்பரைச் சல்லடை என்று கேலி செய்வது எங்கள் நாட்டு வழக்கம். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"வாசல்ல வெச்சிட்டுப் போயிருந்தாங்க, கோடையில. யாருன்னு தெரியல. ரிப்பன்லாம் கட்டி. நல்ல மூங்கில். தண்ணி நிக்காது, நட்டு நிக்கும்." இன்னொரு நட்டைப் போட்டார். "இணையத்துல நம்ம கடைக்கு ஒரு நட்சத்திரம் போட்டிருக்கான் ஒருத்தன். பந்து மாதிரி டயரும் நழுவிடும்னு. இந்த ஊர்ப் பக்கம் அவன் வந்ததே கிடையாது."

மினாகவா குனிந்தார். கடைத் தரையில், எண்ணெய்க் கறைமேல், பெட்டியை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு குனிந்தார். "அண்ணே, அன்னிக்குக் கூப்பிட்டது நான். கூப்பிட்டுட்டுக் காலையும் நீட்டினேன். பத்தொம்பது வருசமா..."

நான் பன்னிரண்டு வரை எண்ணிவிட்டேன். எண்ணுகிறேன் என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நிமிருடா," என்றார் ஹொன்மா. "பெட்டிய நான் வாங்கல. வாங்கினா மன்னிச்ச மாதிரி. மன்னிக்கலைன்னும் சொல்லல. நீ மறந்து வெச்சிட்டுப் போயிட்டேன்னு வெச்சுக்கறேன்." வாடிக்கையாளர்கள் விட்டுப்போன குடை, கையுறை, குழந்தைத் தொப்பி எல்லாம் இருந்த பலகையில் அதை வைத்து, ஒரு சீட்டு எழுதி ஒட்டினார்: மினாகவா, நவம்பர் 20.

"நான் என்ன பண்ணணும் அண்ணே?"

"எனக்கு நாப்பத்தொரு விநாடி வேணாம். இருபத்து மூணாம் தேதி மேடை ஏறப் போறியாமே, அன்னிக்கு மழையில கத்தினியே ஒரு வார்த்தை, அத அங்க ஒரு தரம் கத்து. என்னத்துக்குக் கத்தினேன்னும் சொல்லு. போதும்." ஸ்பானரை ஒரு சுற்று இறுக்கினார். "மறுநாள் பேப்பர்ல ஒரு வரி வந்துச்சு. 'கோல்கீப்பர் ஹொன்மா அவசரப்பட்டு வெளியே வந்ததே தோல்விக்குக் காரணம்.' இன்னிக்கும் மனப்பாடம். எங்கம்மா அந்தப் பேப்பர மடிச்சு அலமாரிக்கு அடியில போட்டாங்க. எழுதினவன் யாருன்னு தெரியல."

மினாகவா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பனி டயரின் பள்ளங்களை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தேன். அந்த வரியை எழுதியது நான்தான்.

இருபத்து மூன்றாம் தேதி மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் எல்லோர் கையிலும் கைபேசி. மேயர் வாசித்தார், பத்திரத்தை நீட்டினார், ஒலிவாங்கியைக் கொடுத்தார். மினாகவா பத்திரத்தை வாங்காமல் நின்றார். சட்டைக் காலரில் அவர் கழுத்து சிவந்திருந்தது.

"கீப்பர்!" என்று கத்தினார். அரங்கம் திடுக்கிட்டது. ஒரு குழந்தை அழுதது. "இப்படித்தான் அன்னிக்குக் கத்தினேன். அதனாலதான் ஹொன்மா வெளிய வந்தாரு. பந்த மாத்தி விட்டது என் காலு. தப்பு அவருது இல்ல. என்னுது."

நிகழ்ச்சியை நடத்திய பெண் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"பாருங்க," என்றார் தழுதழுத்து. "பத்தொம்பது வருசம் கழிச்சும், அந்தப் பழியத் தன் தலையிலயே போட்டுக்கிறாரு."

கைதட்டல் கூரையைத் தொட்டது.

"இல்லீங்க, நெசமாத்தான்! நான்தான்!"

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அரிசிக்கடைக்காரர் எழுந்து நின்றே தட்டினார். இடுப்பு வலிக் கதையை இவருக்கு யாரோ சொல்லித் தொலைத்திருக்கிறார்கள் என்ற முகத்தோடு. பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். முன்வரிசையில் சில உதடுகள் 'ஒன்று' சொல்லத் தயாராகக் குவிந்திருந்தன. மினாகவா குனியவில்லை. விறைப்பாக நின்று, அழுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியே போய்விட்டார். பத்திரம் மேயர் கையிலேயே நின்றது.

அந்த வீடியோவை எண்பது லட்சம் பேர் பார்த்தார்கள். 'குனியக்கூடத் தனக்குத் தகுதியில்லை என்று நினைக்கும் மனிதர்' என்று தலைப்பு.

அன்று இரவு சச்சியே எனக்குத் தொலைபேசினார். "வந்ததுலேருந்து குளிக்கற தொட்டிலேயே உக்காந்திருக்காரு, சார். உண்மையச் சொன்னா தீந்துடும்னு நெனச்சுத்தானே போனாரு? இனிமே எதச் சொன்னா நம்புவாங்க?"

எனக்குத் தெரிந்த ஒன்றை அவரிடம் சொல்லத் துணிவில்லை. அன்றைய ஆட்டத்தில் பத்திரிகையாளர் வரிசையில், குடையைத் தோளில் இடுக்கி, சோற்று உருண்டையின் கடற்பாசித் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பந்து வலைக்குள் இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், "என்ன ஆச்சு?" என்றேன். "கீப்பர்," என்றார். அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு எழுதினேன். மைதானத்திலிருந்து கேட்ட சத்தத்தைத்தான் அவர் திருப்பிச் சொன்னார் என்பது பத்தொன்பது வருடம் கழித்து, மினாகவா மேடையில் கத்தியபோதுதான் உறைத்தது. அதே வார்த்தை, அதே இழுப்பு.

மறுநாள் செய்தி ஆசிரியரிடம் போய்த் திருத்தம் போட வேண்டும் என்றேன்.

"ஆதாரம்?"

"மினாகவாவே சொல்லிட்டாரே, முன்னூறு பேருக்கு முன்னால."

"அது தன்னடக்கம்யா. தன்னடக்கத்த ஆதாரமா எடுத்துக்க முடியுமா?"

"எழுதினவன் நானே சொல்றேன். நான் பாக்காம எழுதினேன்."

"அதையும் அடக்கம்னுதான் சொல்வாங்க. உன்னைத் தெரிஞ்சவங்க மட்டும் நம்ப மாட்டாங்க," என்று சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

ஏப்ரலில், பனி டயரைக் கழற்ற, டிரைவிங் ஸ்கூல் காரை இயக்குநரிடம் கேட்டு வாங்கி மறுபடி அந்தக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இந்த முறை ஒரு லாரியை நான் முந்தினேன். மினாகவா எனக்கு முன்பே ரயிலில் வந்துவிட்டிருந்தார். விடுமுறை நாளில் அங்கே வருவது குளிர்காலத்தில் பழக்கமாகிவிட்டதாம். வந்து என்ன செய்கிறார்? தரையில் உருண்ட நட்டுகளைப் பொறுக்குகிறார்.

"நல்லா குனிஞ்சு எடுடா," என்றார் ஹொன்மா. "ஜாக்கிக்கு அடியில ஒண்ணு கெடக்கு. இங்க எவனும் எண்ண மாட்டான்."

மினாகவா குனிந்தார். வெகுநேரம் தேடினார். நான் எண்ணவில்லை. பலகையில், குடைக்கும் தொப்பிக்கும் நடுவில், அந்த இனிப்புப் பெட்டி பிரிக்கப்படாமலே இருந்தது. சீட்டு வெயிலில் வெளுத்திருந்தது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வரியை எழுதியவன் யார் என்று சொன்னேன்.

"தெரியும்," என்றார் ஹொன்மா, டயரிலிருந்து கண்ணை எடுக்காமல். "போன தடவ டயரை அவ்வளவு நேரம் மொறச்சுப் பாத்த ஆளு நீங்க ஒருத்தர்தான். திருத்தம் போட்டாச்சா?"

"ஆசிரியர் ஒத்துக்க மாட்டேங்கறாரு. ஆனா எல்லாத்தையும் எழுதிட்டேன். இந்த வாரம் என் பத்தியில வருது."

"பத்தியா? அதுல பாதி கதைன்னு எங்க ஊரு வரைக்கும் தெரியுமே. அது கணக்குல வராது, நிருபரே. திருத்தம்னா மூணாம் பக்கம், கீழ் மூலை, கட்டத்துக்குள்ள. ரெண்டு வரி."

கையைத் துடைத்துக்கொண்டு புதுச் சீட்டு ஒன்றைக் கிழித்தார். என் பெயரையும் தேதியையும் எழுதினார். சீட்டை ஒட்டுவதற்கு நான் பெட்டி எதுவும் கொண்டுவராததால், இனிப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வெறும் பலகையிலேயே ஒட்டிவைத்தார்.